ஃபாலோ போடாத சிவப்பு

பேரனின் கேரம் பலகையை நேற்று எடுத்து வைத்துக் காய்களை எண்ணினேன். கறுப்பில் ஒன்று குறைகிறது. வீட்டில் யாருக்கும் கவலையில்லை; எனக்குத்தான் தூக்கம் போயிற்று. சிவப்பு இருக்கிறது. அதைக் கையில் எடுத்ததும் எங்கள் கல்லூரி மாணவர் சங்கச் செயலாளரின் நினைவு வந்துவிட்டது.

ஐம்பதுகளின் தொடக்கம். அவர் ராயபுரத்துக்காரர், தகப்பனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் தண்டையார்பேட்டை, அவருக்கு இளையவன். எதையும் எண்ணிக்கொண்டே இருப்பவன் என்று என்னைப் பொருளாளர் ஆக்கியிருந்தார்கள். பட்டப்படிப்புக்கு முந்தைய இன்டர்மீடியட்டில் அப்போது எங்களுக்கு ஒரு விதி: மூன்று விருப்பப் பாடங்களில் ஒன்றில் தவறினாலும் மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். செயலாளர் முதலில் வேதியியலில் தவறினார். மறுமுறை அதில் தேறி, இயற்பியலில் கோட்டைவிட்டார். தகப்பனாருக்குப் பொறுமை தீர்ந்தது. "ஹார்பர்ல வேல காலி கீது. இன்னொரு தபா கோட்ட வுட்டின்னா, பொஸ்தகத்தக் கட்டி வெச்சிட்டு எங்கூட வந்துரு."

விதியை மாற்றக் கேட்டு எங்கள் சங்கத்தின் பெயரில் பல்கலைக்கழகத்துக்கு மனு கொண்டுபோனார் செயலாளர். வேறெந்தக் கல்லூரியும் இப்படிக் கேட்கவில்லையே என்று அதிகாரி திருப்பிக் கொடுத்துவிட்டார். சங்க அறையில் கேரம் பலகைதான் எங்களுக்கு மேசை. அன்று மாலை அவர் சிவப்புக் காயைக் குழியில் தள்ளி, மறுபடி எடுத்து நடுவில் வைத்தார். "ஃபாலோ போடாத ரெட்டு நைனா நம்ம மனு. உள்ள போயும் திரும்பி வந்துகினு கீது." ஆடாதவர்களுக்குச் சொல்கிறேன்: சிவப்பைப் போட்டால் அடுத்த அடியில் இன்னொரு காயையும் போட வேண்டும். இல்லையென்றால் சிவப்பு நடுவுக்குத் திரும்பிவிடும்.

பிறகு மற்றக் கல்லூரிச் சங்கங்களைச் சேர்க்கச் சைக்கிளில் அலைந்தோம். ஒரு கல்லூரிக்கு விடுதிச் சோறு பிரச்சினை, இன்னொன்றுக்கு ரயில் நேரம். ஆனால் ஒரே பாடத்தில் தவறி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லா இடத்திலும் இருந்தார்கள். ஒரு கல்லூரி கேட்டால் அது பையன்களின் குறை என்பார்கள். பல கல்லூரிகள் சேர்ந்து கேட்டால் விதியைத் திறந்து பார்த்தாக வேண்டும். ஐந்து சங்கங்கள் சேர்ந்தன. சேர்ந்த அன்றே, யார் கையெழுத்து மேலே என்று சண்டை.

"எங்க காலேஜிதான் பெர்சு" என்றார் ஒரு தலைவர்.

"இன்னா மாமு, கல்யாணப் பத்திரிகையா இது, பெரியப்பா பேர மேல போட?" என்றார் செயலாளர். பலகையின் நடுவில் இருப்பதுபோல மனுவின் அடியில் ஒரு வட்டம் வரைந்தார். "சுத்திப் போடுங்க. யாரு மொதல்லன்னு ஆபீசரு தலையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கட்டும்."

இம்முறை மனு திரும்பி வரவில்லை. விதி மாறியது. ஆனால் குழு, துணைக்குழு என்று இழுத்து, அவர் மூன்றாம் முறையும் தவறித் துறைமுகத்துக்குப் போன பிறகுதான் மாறியது. துறைமுக வாசலில் காத்திருந்து சேதி சொன்னேன். இனி ஒரு பாடம்தானே, எழுதுங்கள் என்றேன். கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அலுத்துப்போச்சு நைனா. நீ போயி எய்து."

நானும் அந்த வருடம் தவறியிருந்தேன். கணக்கில் என்றால் சிரிப்பார்கள். அதை மட்டும் எழுதித் தேறினேன். பட்டம், உத்தியோகம், இன்றைய பென்ஷன் எல்லாம் அதற்குப் பின் வந்தவை.

பேரனின் கல்லூரியில் சங்கமே கிடையாதாம். கட்டணம் ஏறியதென்று தனியாக எழுதிக் கொடுத்தான். வேறு யாரும் கேட்கவில்லையே என்றார்களாம். எனக்கு அவனிடம் விளக்கத் தெம்பில்லை. சிவப்பைப் பலகையின் நடுவில் வைத்தேன். அன்று அதைக் குழியில் போட்டவர் அவர். ஃபாலோ போட்டு வைத்துக்கொண்டவன் நான்.