வீடியோவில் ஒலித்த உறுமி

ஜார்ஜ் டவுன் கடலோரத்தில் வெயில் இறங்குகிறது. அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெர்ரிக்கு இன்னும் நேரமிருப்பதால், புல்வெளியில் பாய் விரித்து உறுமி மேளம் பழகுகிறவர்கள் அருகில் போய் உட்கார்கிறேன். குழுவை நடத்தும் சரசு அக்காவுக்குப் பகலில் புக்கிட் தெங்காவில் ஃபேக்டரி வேலை.

உறுமியைத் துடைத்துக்கொண்டிருக்கும் குமாரைக் கண்ணால் காட்டுகிறார். "ஒரு தலைவரு பேசின வீடியோ. நம்ம இனம் மட்டும்தான் மனுஷங்க, மத்தவங்கல்லாம் எதிரியாம். இவன் அத எல்லாருக்கும் அனுப்பினான். அதுலேருந்து அஸ்லான்கூடப் பேச்சு இல்ல."

அஸ்லான் கொம்பாங் என்ற மலாய்க் கைமேளத்தோடு பாயின் மறுகோடியில் இருக்கிறார்.

"அதெல்லாம் பொய்யுன்னு எடுத்துச் சொல்லலியாக்கா?"

"சொன்னேன் லா, ஏறல. அப்புறம் நானே போட்டுப் பார்த்தேன். எனக்கும் புல்லரிக்குது! கவனிச்சா, பேச்சுக்குப் பின்னால நம்ம உறுமி ஓடுது. அதான் இன்னிக்கு அந்த அடியவே பழகலாம்னு சொல்லிட்டேன்."

அடிக்கத் தொடங்குகிறார்கள். உறுமி முனகி எழ, எந்தத் தலைவரும் இல்லாமலே என் கையில் மயிர் சிலிர்க்கிறது.

குமார் பாதியில் நிறுத்துகிறார். "அக்கா, வீடியோல அடி தப்பு லா. பேச்சுக்குத் தோதா உறுமிய வெட்டி ஒட்டியிருக்கான்."

அவர் முகம் சுண்டிப்போயிருக்கிறது. மறுகோடியைப் பார்த்து மலாயில் கேட்கிறார்: "லான், அடி தப்புன்னு உனக்கும் தெரிஞ்சுதா?"

அஸ்லான் சரியான அடியைக் கொம்பாங்கில் தட்டிக் காட்டுகிறார்.

குமார் பாயில் நகர்ந்து தன் பக்கத்தில் அவருக்கு இடம் விடுகிறார்.