டெஸ்க்டாப்பை டி டிரைவுக்கு மாற்றினேன்

என் மனைவியின் தங்கை வீட்டிலிருந்தபடியே பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போடுகிறாள். தறிக்காரர்கள் பென் டிரைவோடு வந்து வாங்கிப் போவார்கள். தறியின் மேலுள்ள பெட்டியில் அதைச் செருகினால் அதன்படி ஜரிகை விழும். டிசைன்கள் எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தன. சி டிரைவ் நிரம்பி, ஒரு காலை கணினி எதையும் சேமிக்க மறுத்தது. பத்திரிகையில் பக்கம் அமைத்தவன் என்பதால் எனக்குக் கணினி தெரியும் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

டி டிரைவில் புது ஃபோல்டர் திறந்து, டெஸ்க்டாப்பின் இடத்தை அங்கே மாற்றினேன். கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்டது. ஆம் என்றேன். பச்சைக் கோடு ஊர்ந்து முடிந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை.

அவள் வந்து திரையைப் பார்த்தாள். "அய்யோ மாமா, எல்லாத்தையும் கலைச்சிட்டீங்களே!"

கோப்புகள் பெயர் வரிசையில் நின்றன. பெயர்களோ விரல் போன போக்கில் அடித்த எழுத்துகள். அவள் பெயரைப் பார்ப்பதே இல்லை. இடம்தான் அவளுக்கு அடையாளம்: திரையில் ஒவ்வொரு தறிக்கும் ஓர் இடம். பழைய டிசைனுக்கு வலப்பக்கத்தில் திருத்தியது. எனக்கு அது தெரியாது.

"தேதியைப் பார்த்தால் தெரியுமே" என்றேன்.

"பழசையும் நேத்துதான் தொறந்து சேவ் பண்ணேன்."

அப்போது ஏனாத்தூர்த் தறிக்காரர் உள்ளே வந்தார். "உடல் முடிஞ்சிதும்மா, முந்திதான் பாக்கி. தறி நின்னுக்கினு இருக்குது. முகூர்த்தப் புடவை."

அவருக்கான அன்னம் போட்ட முந்தி மூன்று கோப்புகளில் இருந்தது. மூன்றும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. திருத்தாததில் அன்னத்தின் கழுத்தருகே பின்பக்கம் ஜரிகை கட்டில்லாமல், நடுவில் எந்த இழையும் பிடிக்காமல், நீளமாக ஓடும்; வளையல் பட்டால் இழுத்துக்கொள்ளும். அதை நெய்துவிட்டால் புடவையே வீண்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் என் பக்கம் திரும்பினார். "பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் திருத்தம் போட்டுடுவீங்க. நாங்க எங்கபா போடறது?"

அவள் முதல் கோப்பைப் பெரிதாக்கி, கட்டு எத்தனையாவது கட்டத்தில் விழுகிறது என்று எண்ணினாள். மூடினாள். இரண்டாவதையும் எண்ணி மூடினாள். மூன்றாவதில் கழுத்திலிருந்து எண்ணிவிட்டு, அலகிலிருந்து திரும்ப எண்ணினாள். தறிக்காரர் திரைமேல் விரலை வைத்துக்கொண்டு உதடசைத்துக் கூடவே எண்ணினார். இருவர் எண்ணிக்கையும் ஒரே கட்டத்தில் முடிந்தது.

"இதுதாண்ணா."

"நல்லாப் பாத்தியா?"

"கழுத்து வந்ததும் பின்பக்கத்தப் போட்டோ எடுத்து அனுப்புங்க. அதுக்கு மேல ஒரு இழை ஓட்டாதீங்க."

பென் டிரைவில் வாங்கிக்கொண்டு அவர் போன பிறகு அவள் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. மாலை மூன்றரைக்குப் படம் வந்தது. அதைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தாள்.

"கட்டு விழுந்திருக்குது. ஓட்டுங்கண்ணா" என்று போனில் சொன்னாள்.

பிறகு கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பழைய இடங்களில் வைக்கத் தொடங்கினாள். தறிவாரியாக ஃபோல்டர் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"மவுஸைத் தொடாதீங்க மாமா" என்றாள்.