எடைமேடையில் இணைப்பை அறுத்தது யார்?

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை முற்பகலில், தீவன ஆலை நிர்வாகம் தன் எடைமேடை எழுத்தரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. அவரிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. விசாரணை என்ற பெயரில் ஒரு நாற்காலிகூட இழுத்துப் போடப்படவில்லை. "இணைய இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, கையால் எடைச்சீட்டு எழுதி, அதன்மூலம் ஆதாயம் தேடினார்" என்று தட்டச்சு செய்த ஒரு தாளை, கேட்டுக்கு உள்ளே இருக்கும் அறிவிப்புப் பலகையில், லாரிக்காரர் எவரும் தலை நிமிராமலே படிக்கக்கூடிய உயரத்தில் ஒட்டினார்கள். ஆகவே இங்கே இரண்டு குற்றங்கள் உள்ளன. செய்யாததைச் செய்ததாக எழுதியது முதலாவது. எழுதியதை ஊரறிய ஒட்டியது இரண்டாவது.

அந்த எழுத்தரை எல்லாரும் தராசு என்றே அழைத்தார்கள். வைத்த பெயரைச் சொன்னால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். கணினியை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆலைக்குக் கணினி பொருத்த வந்தவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டே, "இதை அமுக்கினா என்ன ஆகும்? அமுக்கலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். காகிதம் எதையும் எறிய மாட்டார். பல்பு உடைந்து குப்பைக்குப் போன பிறகும் பல்பு வாங்கிய ரசீது அவரது இரும்பு பீரோவில் பத்திரமாக இருக்கும்.

சந்தேகம் அவருக்குத் தொழில் கொடுத்த குணம். லாரி சரக்கோடு மேடை ஏறும். சரக்கை இறக்கிவிட்டு மறுபடி ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுவதற்கு டிரைவர்கள் செய்யாத வித்தை இல்லை. சரக்கோடு நிற்கும்போது கிளீனர் சீட்டுக்குப் பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். காலி வண்டியாகத் திரும்பும்போது இறங்கி நடந்து வருவான். தண்ணீர்க் கேன்கள் போகும்போது நிறைந்திருக்கும், வரும்போது கவிழ்ந்திருக்கும். அதனால் தராசு ஒரு சட்டம் வைத்திருந்தார். வண்டி மேடை ஏறியதும் இஞ்சினை அணைக்க வேண்டும், டிரைவர் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும், அவர் கண்ணால் பார்த்த பிறகுதான் எடை. "கல்யாணப் பொண்ணு வந்து ஏறினாலும் இஞ்சினை அணைச்சுட்டுத்தான் ஏறணும்" என்பார்கள் டிரைவர்கள்.

தொல்லை தொடங்கியது, எடை இணையத்தில் ஏறிய பிறகுதான். கணினி எடையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து ஒப்புதல் வந்தால்தான் சீட்டு அச்சாகும். இணைப்பு இல்லையென்றால் கையால் எழுத வேண்டும். கையால் எழுதியது எதுவாகவும் இருக்கலாம் என்பது மேனேஜரின் எண்ணம். தராசின் எண்ணமும் அதுவே. ஆனால் எழுதியது தன் கை என்பதால் அவருக்கு அந்த ஒரு கையில் மட்டும் நம்பிக்கை இருந்தது.

இணைப்போ, செல்போன் கோபுரத்தை நம்பி மோடத்தில் ஓடியது. கோபுரம் ஊருக்கு அந்தக் கோடியில். இந்தக் கோடியில் வயல், கிடங்குகள், ஆலை, எதிரே ஒற்றை வரிசை வீடுகள். இங்கே வந்து சேரும் சிக்னல் வழியெல்லாம் தேய்ந்து நூலாகித்தான் சேரும். செல்போன் கம்பெனி வெளியிட்டிருந்த படத்தில் இந்தப் பகுதி முழுக்க வண்ணம் பூசியிருந்தது; அதை நம்பினால் தராசின் வீட்டுக் குளியலறையில்கூட நான்கு கோடு சிக்னல் இருந்தாக வேண்டும்.

இணைப்பு அறுந்தபோதெல்லாம் அவர் கம்பெனிக்குப் புகார் செய்தார். ஒவ்வொரு முறையும், கடைத்தெருவுக்குப் போய்ச் சிக்னல் கிடைத்த பிறகு, ஒரே குறுஞ்செய்தி வந்து விழும்: "தங்களைத் தொடர்புகொள்ள முயன்றோம். தாங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்ததால் தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவர் அவற்றை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தார்.

வேலை போன மறுநாள் அவர் சந்தேகப்பட்ட முதல் ஆள் சொந்த மைத்துனர். கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவர். ஆலைக்கு மோடம் விற்றவர் அவர்தான்.

"பழைய மோடத்தைத் துடைச்சு வித்துட்டியா மாப்ளே? உண்மையைச் சொல்லு."

"அத்தான், நீங்க உங்க நிழலைக்கூட மேடை ஏத்திப் பார்த்துட்டுத்தான் நம்புவீங்க. புது மோடம். பில் வேணுமா?"

"வேணும்."

"கொடுத்தாச்சு, உங்க பீரோவுலதான் இருக்கு. வேற பில் வேணும்னா எங்க அக்காவைக் கட்டிக் கொடுத்ததுக்கு ஒண்ணு போட்டுத் தரவா?"

பில் பீரோவில் இருந்தது. இருந்தும் தராசின் மனம் ஆறவில்லை. மைத்துனர் சிரித்துக்கொண்டு சொன்னதே அவருக்கு ஒரு சாட்சியம் போலப்பட்டது. மனைவி அதைக் கேள்விப்பட்டு, சோற்றுத் தட்டை வைத்த சத்தத்திலேயே தன் கருத்தைத் தெரிவித்தாள்.

அடுத்த சந்தேகம் மேனேஜர்மேல். தராசின் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருந்தவர் மேனேஜரின் மருமகன். அவர் வந்த பிறகும் இணைப்பு அறுந்துகொண்டுதான் இருந்தது. ஆலைக்கு எதிர்வரிசையில் இருந்த தன் வீட்டு ஜன்னலிலிருந்து தராசு தினமும் பார்த்தார்: லாரிகள் தெருமுனை வரை தேங்கி நிற்கும், மருமகன் கையால் சீட்டு எழுதிக்கொண்டிருப்பார். அவர் பெயரைப் பலகையில் யாரும் ஒட்டவில்லை. எனக்கு ஒரு நியாயம், மருமகனுக்கு ஒரு நியாயமா என்று தராசு பொருமினார். நாற்காலிக்காகவே இத்தனையும் நடந்தது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஆனால் நாற்காலி ஆசை மோடத்தை அணைத்துவிடாது. அணைத்தது யார்?

கையால் எழுதிய சீட்டுகள் எந்தெந்த லாரிக்கு என்று அவர் நினைவிலிருந்து கோத்துப் பார்த்தார். ஒரு கணக்கும் பிடிபடவில்லை. இன்று ஒரு லாரி, நாளை வேறொன்று. ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தைகூட இல்லாத டிரைவர்கள்.

முடிச்சை அவிழ்த்தவள் மனைவி. அதுவும் அவிழ்க்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. காலை வேலை முடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்காவோடு போனில் பேசுவது அவள் வழக்கம். வீட்டில் சிக்னல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் இடம் அது ஒன்றுதான். அன்று பேச்சு பாதியில் நின்றது. அவள் போனைத் தொடையில் தட்டிவிட்டு வெளியே பார்த்துச் சொன்னாள்:

"வந்துட்டான் பச்சைத் தார்ப்பாய்க்காரன். இனி அவன் மேடை ஏறுற வரைக்கும் அக்கா பேச மாட்டா."

தராசு காகிதத்திலிருந்து தலையை எடுத்தார். "என்ன சொன்னே?"

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அந்த வண்டி வரிசையில வந்து நின்னா என் லைன் செத்துப்போகும். மேடை ஏறி இஞ்சினை அணைச்சதும் உயிர் வரும். நீங்கதான் காதுலயே போட்டுக்கலையே. நான் என்ன, சீல் வெச்சா சொல்ல முடியும்?"

"அந்த வண்டிக்கு நான் ஒருநாள்கூடக் கையால சீட்டு எழுதினதில்லையே!"

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கு உறைத்தது. எழுதியிருக்கவே முடியாது. அந்த லாரி வரிசையில் இஞ்சினோடு காத்திருக்கும்போது இணைப்பு சாகும்; அதற்கு முன்னால் நிற்கும் ஏதோ ஒரு லாரிக்குக் கைச்சீட்டு கிடைக்கும். அதன் முறை வந்ததும், தராசின் சட்டப்படி இஞ்சின் அணையும். சற்றுப் பொறுத்தால் இணைப்பு மீளும். அதற்கு மட்டும் அச்சிட்ட சீட்டு, அப்பழுக்கில்லாமல். தராசைப் பொறுத்தவரை, மேடையில் எல்லாச் சக்கரமும் ஏறிய பிறகுதான் ஒரு லாரி லாரியாகும். மேடைக்கு வெளியே நின்ற எதையும் அவர் சந்தேகித்ததே இல்லை.

மறுமுறை பச்சைத் தார்ப்பாய் வரிசையில் வந்து நின்றதும் அவர் தெருவைக் கடந்து போய், கேபின் கதவைத் திறந்தார். டிரைவரை எல்லாரும் சிரிப்பு என்று கூப்பிடுவார்கள்; கோபத்திலும் பல் தெரியும் முகம். அன்று தெரியவில்லை. சிகரெட் பற்றவைக்கும் துளையில் கறுப்பாக ஒன்று செருகியிருந்தது.

"என்னய்யா இது?"

"சார்ஜர் அண்ணே."

"சார்ஜருக்கு எதுக்கு மூணு கொம்பு?"

சிரிப்பு இஞ்சினை அணைத்தான். தராசின் சட்டைப் பையில் போன் உயிர் பெற்றுச் சிணுங்கியது. அதற்கு மேல் சாட்சி எதற்கு?

"ஓனர் வண்டியில கருவி வெச்சிருக்கான் அண்ணே. எங்க நின்னாலும் அவனுக்குத் தெரிஞ்சிடும். உடனே போன் பண்ணி, ஏன் நின்னே, எதுக்கு நின்னேன்னு உயிரை எடுப்பான். வர்ற வழியில என் வீடு. பொண்ணு பொறந்திருக்கா. என்னைப் பார்த்தா வேத்தாள்னு நினைச்சு வீறிட்டு அழுவுது. இதைச் செருகினா வண்டி எங்க இருக்குன்னு தெரியாது. கொஞ்ச நேரம் தூக்கி வெச்சிருந்துட்டு வருவேன். அப்புறம் எடுக்க மறந்துடும். இது போனையும் சேர்த்து அமுக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"வீட்டுல பொண்ணைத் தூக்கினியா, மூட்டையை இறக்கினியா?"

"உங்க மேடையிலதானே அண்ணே ஏறுறேன். என்னைக்காவது ஒரு கிலோ குறைஞ்சிருக்கா? நீங்களே சொல்லுங்க."

குறைந்ததில்லை. நம்புவதற்குத் தராசுக்கு மனம் வரவில்லை; நம்பாமலிருக்க எடை இடம் கொடுக்கவில்லை.

"சரி, இப்போ சொன்னதை அப்படியே எழுதிக் கொடு."

"எழுதினா ஓனர் என்னை இறக்கி விட்டுருவான்."

"எழுதலைன்னா என்னை இறக்கினது இறக்கினதுதான். என் பேரு அந்தப் பலகையில தொங்குதுய்யா. உன் பொண்ணு வளர்ந்து படிக்கப் போனா, எழுத்துக் கூட்டி முதல்ல அதைத்தான் படிப்பா!"

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. கடைசியில் தராசே ஓர் ஒப்பந்தம் சொன்னார்: எழுத வேண்டாம், பெயரும் நம்பரும் வெளியே போகாது, பதிலாக ஒரே ஒருமுறை, மேனேஜர் எடையறையில் இருக்கும்போது, வரிசையில் நின்று இதைச் செருக வேண்டும். தராசு துண்டால் முகத்தைத் துடைத்ததும் பிடுங்க வேண்டும். அதோடு அந்தக் கருவி அவரிடம் வந்துவிட வேண்டும்.

"அப்புறம் பாப்பாவை எப்படி அண்ணே பார்க்கிறது?"

தராசு கேபின் கதவைச் சாத்திவிட்டு நடந்தார். வீடு வரும்வரை அந்தக் கேள்வி அவர் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கணக்குப் பார்க்க எடையறைக்கு வந்தார். தராசு வாசலுக்கு வெளியே, படிக்குக் கீழே நின்றார். உள்ளே ஒரு காலைக்கூட வைக்கவில்லை.

"உன்னை யாருய்யா உள்ளே விட்டது?" என்றார் மேனேஜர்.

"நான் வெளியிலதான் சார் நிக்கிறேன். உங்க போன்ல யார்கிட்டயாவது பேசிப் பாருங்க."

மேனேஜர் பார்த்தார். போனை உயர்த்தினார், திருப்பினார், ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். மருமகன், "நெட்டும் போச்சு மாமா" என்றார்.

"என் கை ரெண்டும் இங்க இருக்கு சார். வயரைத் தொட்டேனா? மோடத்தைத் தொட்டேனா?"

வெயிலுக்குத் துடைப்பதுபோலத் துண்டால் முகத்தைத் துடைத்தார். காத்திருந்தார்கள். அந்தச் சற்று நேரத்தில் தராசு சிரிப்பையும் சந்தேகப்பட்டு முடித்தார். ஏமாற்றிவிட்டானோ? பிடுங்கவில்லையோ? பிறகு மேனேஜரின் போன் கூவியது. சீட்டு அச்சடிக்கும் இயந்திரம் கரகரவென்று ஒரு சீட்டைத் துப்பியது. "வரிசையில நிக்கிற ஒரு வண்டியில இருக்கிற கருவிதான் சார் இணைப்பை அறுக்குது" என்றார் தராசு.

"எந்த வண்டி?" என்று மேனேஜர் வெளியே எட்டிப் பார்த்தார். வெளியே ஒரு டஜன் லாரிகள் நின்றன.

"அதைச் சொல்ல மாட்டேன். வரிசையில நிக்கிறப்பவே இஞ்சினை அணைக்கச் சொல்லுங்க, போதும். வேலையை விட்டு நிறுத்துறதுக்கு முன்னாடி நீங்க தேட வேண்டியதை நான் தேடிக் கொடுத்துட்டேன்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "சரிப்பா. நடந்தது நடந்துபோச்சு. திங்கக்கிழமை வந்து உன் சீட்ல உட்காரு. இதைப் பெருசுபடுத்தாதே."

"பலகையில இருக்கிற தாள்?"

"மழை வந்தா தானா விழுந்துடும்."

தராசு திங்கட்கிழமை போகவில்லை. "கூப்பிட்ட வேலைக்குப் போகாம இப்படி முறுக்கிக்கிட்டு உட்காரணுமா?" என்று மனைவி கேட்டாள். வாயால் சொன்னதை வாயாலேயே இல்லையென்று சொல்லிவிடலாம் என்றார் அவர். அவள் சற்று யோசித்துவிட்டு, பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அவர் எழுதியது நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் போனது. ஒரு நகல் செல்போன் கம்பெனிக்கு. கம்பெனியிடம் ஒரே கேள்வி: தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று ஒரு தெருவின் பேச்சையே நிறுத்துமளவுக்குச் சிக்னல் மெலிந்திருக்கும் இடத்தை, படத்தில் வண்ணமடித்தது எந்த ஆதாரத்தில்? நிர்வாகத்துக்கு எழுதிய கடைசிப் பகுதி இது:

"குற்றச்சாட்டைத் தாங்கள் எழுத்தில் தந்தீர்கள், எழுத்தில் ஒட்டினீர்கள். ஆகவே அது பொய்யென்று எழுத்திலேயே தந்து, அதே பலகையில், அதே உயரத்தில் ஒட்ட வேண்டும். எனக்குப் பின் இணைப்பு அறுந்த நாட்களில் கைச்சீட்டு எழுதியவர்மீது நடவடிக்கை ஏன் இல்லை என்பதற்கும் காரணம் தேவை. உறையிலிட்டு இணைத்துள்ள கருவி எந்த வண்டியில் இருந்தது என்று என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டாலும் விடை கிடைக்காது. தொலைபேசியில் அழைத்தேன், கிடைக்கவில்லை என்ற பதிலை ஏற்க மாட்டேன்; இங்கே அழைப்பு வந்து சேராது என்பதைத் தாங்களே கண்ணால் கண்டீர்கள். ஆள் அனுப்பிச் சொல்வதையும் ஏற்க மாட்டேன். கையொப்பமும் முத்திரையும் தேதியும் இட்டு, எழுத்துமூலம் பதில் தருக."