பின்விளக்கில் ஓர் எறும்பு

என் அத்தான் மொரியோவுக்கு வாய் என்பது சாப்பிடவும் சிகரெட் பிடிக்கவும் மட்டும்தான். ஓட்டா நகரத்தில் பம்பர் செய்யும் தொழிற்சாலையில் கீறல் பார்க்கிற வேலை. கீறலைக் கண்டால்கூட வாயைத் திறக்கமாட்டார், விரலால் தொட்டுக் காட்டுவார். என் அக்கா மிசாவோ இந்த ஊமைச் சாமியோடு குடும்பம் நடத்தியது போதாதென்று, படுத்த படுக்கையாகிவிட்ட அவருடைய அம்மாவுக்குக் கடைசி மூச்சுவரை கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்தாள்.

அந்த அம்மா இறந்த அன்று அத்தான் வந்தவர் ஒவ்வொருவருக்கும் குனிந்து நன்றி சொன்னார். பூ கொண்டுவந்தவனுக்குச் சொன்னார், கார் நிறுத்த இடம் காட்டியவனுக்கும் சொன்னார். அக்கா முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்றார், பிறகு தாண்டிப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று எனக்கு ஆத்திரம். அன்றிலிருந்து அவரும் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. சொல்லாமல் விட்ட வெட்கம் ஒன்று. இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு சொல்வது என்ற வெட்கம் அதைவிடப் பெரிது.

முதல் வருஷத் திதிக்கு முந்தின நாள் பகலில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கொட்டகையில் அவருடைய காரின் பின்விளக்குகள் இரண்டும் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. விளக்கின் மூடியைச் சூடாக்கிப் பிரிப்பது, ஓடு பிளப்பது என்று எங்கள் பையன்கள் சொல்கிற வேலைதான். ஆரஞ்சு வந்த அட்டைப்பெட்டிக்குள் விளக்கை வைத்து, ஓட்டை வழியாக அக்காவின் ஹேர் டிரையரால் சூடு காட்டினார். ஓரத்துப் பசை இளகியதும் நான் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் சோற்று அகப்பையைச் சந்தில் நுழைத்து நெம்பினார். சிவப்பு மூடி, பசை நூல் நூலாக இழுபட, மெல்லக் கழன்று வந்தது.

உள்ளே இண்டிகேட்டர் எரியும் இடத்தில் வைப்பதற்கு எழுத்து வெட்டிய தகடு தயாராக இருந்தது. இடது விளக்கில் 'அரிகா', வலது விளக்கில் 'த்தோ'. சேர்த்து எரிந்தால் 'அரிகாத்தோ', நன்றி.

வழி விட்டவனுக்கு இரண்டு இண்டிகேட்டரையும் சேர்த்துச் சிமிட்டி நன்றி காட்டுவது எங்கள் வழக்கம். தினமும் காலையில் அத்தான் கார் முன்னாலும் அக்காவின் குட்டிக் கார் பின்னாலுமாக வெங்காயத்தாள் வயல் வரைக்கும் போய், அங்கேதான் பிரிவார்கள். திங்கட்கிழமை அந்த முக்கில், பின்னால் வரும் அக்கா பார்க்கும்படி பொத்தானை அமுக்கிவிட வேண்டும் என்பது திட்டம்.

"வண்டிச் சோதனையில இது தேறாது, அத்தான்."

"தேற வேணாம் மாப்ளே. ஒரு தடவ எரிஞ்சா போதும்."

சேர்த்துப் போட்டுப் பார்த்தோம், அழகாக எரிந்தது. புதுப் பசை வைத்து மூடினோம். தனித்தனியாகப் போட்டுப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் கோயிலில் திதி முடிந்து எல்லோரும் கல்லறைக்குக் கிளம்பினோம். மூத்த மகன் என்பதால் அத்தான் கார் முதலில். அடுத்ததில் நான், அக்கா, அத்தானின் தாய்மாமன் தொகுஜி. பின்னால் சொந்தக்காரர்களின் கார்கள். கல்லறைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அத்தான் இண்டிகேட்டர் போட்டார்.

அரிகா. அரிகா. அரிகா.

எங்கள் மொழியில் அரி என்றால் எறும்பு. அதோடு 'கா' சேர்ந்து நின்றால், 'எறும்பு வந்து...' என்று எவனோ ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விட்டது மாதிரி இருக்கும்.

"எறும்பா?" என்றார் தொகுஜி மாமா. "அம்மா திதியில என்னடா எறும்பு? எறும்பு வந்து என்ன பண்ணுச்சாம்?"

எனக்குக் காருக்குள்ளேயே வேர்த்துவிட்டது. அக்கா கண்ணை எடுக்காமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் மாமா அத்தானைப் பிடித்துக்கொண்டார். "பெத்தவள மண்ணுக்குள்ள வெச்சிட்டு எறும்பு காட்டுறியாடா? உனக்கு வெக்கமா இல்ல?"

அத்தான் காது மடல்வரை சிவந்து நின்றார். அக்காதான் மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, ரெண்டையும் சேத்துப் போடுங்க."

போட்டார். ஊதுவத்தியும் கையுமாக நின்ற சொந்தம் முழுக்க 'அரிகாத்தோ' என்று வாய்விட்டுப் படித்தது.

"அட! வந்தவங்களுக்கெல்லாம் நன்றியா?" மாமாவின் குரலே மாறிவிட்டது. "வாயில்லாத பய, வண்டிய விட்டுச் சொல்ல வெச்சிருக்கான் பாரு. அப்படித்தானடா?"

இப்போது சொல்லுங்கள், இப்போதாவது சொல்லுங்கள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அத்தான் வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு, "ஆமா மாமா" என்றார்.

எல்லோரும் பதிலுக்கு அவரைக் குனிந்து வணங்கினார்கள். அக்காவும் அவர்களோடு சேர்ந்து குனிந்தாள். அவருக்காக நான் அத்தனை வெட்கப்பட்டது வேறு எந்த நாளிலும் இல்லை.

சாயங்காலம் கொட்டகையில் மறுபடியும் அதே பெட்டி, அதே சூடு. தகட்டைப் பிடுங்கி எறிந்துவிடப் போகிறாராம். என்னைப் பெட்டியைப் பிடிக்கச் சொன்னார்.

குளித்த ஈரத் தலையோடு அக்கா வாசலில் வந்து நின்றாள். "என் டிரையர் எங்கன்னு வீடு முழுக்கத் தேடுறேன்."

அத்தான் டிரையரை அணைத்தார்.

"அது யாருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "மாமாவுக்குக் குடுத்துட்டீங்க. பரவால்ல, பிரிச்சுக்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி வாயால ஒரு தடவ சொல்லிட்டுப் பிரிங்க."

அவர் எழுந்து நின்றார்.

"அரிகா..."

அதற்கு மேல் வரவில்லை. முகம் கோணியது.

"என்ன, எறும்பா?" என்றாள் அக்கா. சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு துடித்தது.

அத்தான் குனிந்தார். நெற்றி அந்த ஆரஞ்சுப் பெட்டியில் இடிக்கும்வரை குனிந்து, பெட்டிக்குள்ளேயே மீதியைச் சொன்னார்.