பூட்டாதே என்றாள் ஸ்டெல்லா

வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தேன். "யக்கா, ஸ்டெல்லா தவறிட்டாளாம், நெஞ்சு வலி" என்றாள் பக்கத்துக் கடை ராணி. கத்தியைக் கீழே வைத்தேன். ஆறு மாதமாக நான் அவளோடு பேசவில்லை.

ராயபுரத்தில் அவளைத் தெரியாதவர்கள் யார்? துறைமுக ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறு பூசை முடிந்தால் என் மீன்கடையில் இருப்பாள். எந்த மீன் எந்த மாதம் வரும், எதற்கு என்ன பேர், எல்லாம் நான் சொல்லச் சொல்ல போனுக்குள் ஏற்றி, ஒரு ஆப் (செயலி) ஆக்கி ஊருக்கே திறந்துவிட்டாள். நிபந்தனையும் எழுதினாள்: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். செய்தவர்கள் பேரை அழிக்கக் கூடாது, மாற்றியதைப் பூட்டிவைக்கக் கூடாது.

மாதவரத்துக் கம்பெனி ஒன்று எங்கள் பேரை அழித்து, பூட்டி, தங்களுடையது என்று விற்றது. இரண்டு பேரும் அந்தக் கம்பெனி ஆபீசில் போய் நின்றோம்.

"மீன் பேருக்குப் பதிப்புரிமை கிடையாதும்மா. எங்க ஆளுங்களே கரையில கேட்டுத் தொகுத்தாங்க" என்றார் அவர்கள் வக்கீல்.

"பேரு யாருக்கும் சொந்தமில்ல சார், ஒத்துக்குறேன். நான் எழுதின ப்ரோகிராம் எனக்கு சொந்தம்" என்றாள் ஸ்டெல்லா. " உங்க பட்டியல்ல மேரி கெளுத்தின்னு ஒண்ணு கீதே, அத்த எந்தக் கரையில கேட்டாங்க?"

அவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். நான் எழுந்தேன். "மேரி என் நாத்தனார் சார். என் கல்யாணப் பந்தியில என்னையே எழுப்பிவுட்டவ. குத்துற கெளுத்திக்கு நான்தான் அவ பேர வெச்சேன். என் வூட்ட தாண்டி அந்தப் பேரு கெடயாது."

"இந்தம்மா கோவத்தையும் சேத்து காப்பி அடிச்சிகீறீங்க சார்" என்றாள் ஸ்டெல்லா. வக்கீலே சிரித்துவிட்டார். அந்த மாதமே எங்கள் பேர் திரும்ப வந்தது, பூட்டும் திறந்தது. மேரிக்கு விஷயம் தெரிந்து இன்னும் முறைக்கிறாள், முறைக்கட்டும்.

வக்கீலைப் பார்த்த அன்று திரும்பும் பஸ்ஸில்தான் எங்களுக்குள் சண்டை.

"இனிமே அவனுங்க விக்கட்டும்கா, தப்பில்ல" என்றாள்.

"திருடனவனுக்கா பர்மிசன் குடுக்குற?"

"நிபந்தனைய மதிச்சா அவனும் ஒரு ஆளுதான். ஆளப் பாத்து சட்டம் மாத்தினா அதுவும் பூட்டுதான்."

பாதி வழியில், காலடிப்பேட்டையிலேயே இறங்கி நடந்தேன். அதோடு பேச்சு நின்றது.

அடக்கம் முடிந்த மறுநாள் ராணி போனை நீட்டினாள். ராமேஸ்வரத்துப் பெண்கள் சிலர், நாங்கள் முகம் பார்க்காதவர்கள், எங்கள் பட்டியலை எடுத்து, தங்கள் கடல் மீன்களைச் சேர்த்து, எங்கள் பேருக்குக் கீழே தங்கள் பேரையும் எழுதித் திறந்துவிட்டிருந்தார்கள். எனக்கே தெரியாத பன்னிரண்டு மீன்கள். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆளைப் பார்த்துத் திறந்திருந்தால் இவர்கள் உள்ளே வந்திருக்கவே முடியாது.

வாதத்தில் நான் யாரிடமும் தோற்றதில்லை. ஸ்டெல்லாவிடம் தோற்றேன். அந்தத் தோல்வியை நான் வைத்துக்கொள்கிறேன்.