படிவத்தில் நான் நிரப்பிய இரண்டு கட்டங்கள்

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக்கில் யாராவது என்னைப் பார்த்ததும் இந்தியில் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மளிகைக் கடையில் ஒருவரிடம், இந்தியா என்றால் எல்லோருக்கும் இந்திதான் தாய்மொழியா என்று ஆங்கிலத்தில் சண்டையே போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் செய்தேன்.

என் மகளைப் பார்த்துக்கொள்ள குவாத்தமாலாவைச் சேர்ந்த ஒரு பெண் மூன்று வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களோடு அதிகம் பேசமாட்டாள். எதைக் கேட்டாலும் "சி" என்பாள். ஸ்பானிஷில் ஆமாம் என்று அர்த்தம். எவ்வளவு நல்ல சுபாவம் என்று நானும் கணவரும் மெச்சிக்கொண்டோம். எங்கள் வட்டாரத்தில் அவளைப் போன்ற எல்லோருக்கும் ஒரே பெயர்தான், ஹிஸ்பானிக். என் மகளிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவாள். மகளும் அதே மொழியில் பதில் சொல்வாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வார இறுதி விருந்துகளில், "டேகேர்ல விட்டிருந்தா இவ்ளோ ஸ்பானிஷ் வந்திருக்குமா?" என்று பீற்றிக்கொள்வேன்.

மகள் பள்ளியில் சேர்ந்ததும், அங்கே ஸ்பானிஷ் சொல்லித்தரும் ஆசிரியை, இவள் பேசுவது ஸ்பானிஷே இல்லை என்றார். எங்கள் கோயம்புத்தூர்த் தமிழும் நாகர்கோவில் தமிழும் போல, ஏதோ ஊர்ப்புறத்து ஸ்பானிஷாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க அரை நிமிடம் போதும்.

போன வருடம் ஒரு காலையில், காலில் சீழ் வைத்த புண்ணோடும் கொதிக்கும் காய்ச்சலோடும் வந்து நின்றாள். மகளையும் ஏற்றிக்கொண்டு எமர்ஜென்சிக்கு ஓட்டினேன். படிவத்தை நான்தான் நிரப்பினேன். இனம் என்ற இடத்தில் ஹிஸ்பானிக், மொழி என்ற இடத்தில் ஸ்பானிஷ். பேனா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. வீடியோ திரையில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வந்து, எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளும்தானே என்று கேட்டார். "சி" என்றாள். ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் மூச்சுத் திணறியது. மருத்துவர்கள் எவ்வளவோ போராடினார்கள். மதியத்துக்குள் இறந்துவிட்டாள்.

ஹூஸ்டனிலிருந்து அவளுடைய அக்கா வந்தார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். தங்கள் மொழி மாம், மாயா மக்களின் மொழிகளில் ஒன்று என்றார். தங்கை பள்ளிக்கூடமே போனதில்லை, சந்தைக்குத் தேவையான ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். சின்ன வயதில் இதே ஊசி மருந்தால் சாகக் கிடந்து பிழைத்தவள், அது அவளுக்கு நன்றாகத் தெரியுமே, ஏன் சொல்லாமல் விட்டாள் என்று என்னிடம் கேட்டார். நான் தெரியவில்லை என்றேன்.

அதற்கப்புறம்தான் அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் நிலத்துக்கு ரோமானியர்கள் வைத்த பெயர் ஹிஸ்பானியா. அதிலிருந்து வந்தது ஹிஸ்பானிக். அந்த ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்தான் இவளுடைய முன்னோர்களின் மண்ணைப் பிடித்தார்கள். பல நூற்றாண்டு கழித்து, ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்களை எண்ணுவதற்காக அமெரிக்க அரசாங்கம் அதே சொல்லைப் படிவத்தில் ஏற்றியது. ஒருத்தி வீட்டில் என்ன மொழி பேசுகிறாள் என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை. அதைச் சொன்னது நான்.

அக்காவிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஊசியைப் பார்த்ததும் அவள் படுக்கையிலிருந்து என் மகளிடம் படபடவென்று ஏதோ சொன்னாள். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஷி சேஸ் நோ ஷாட்."

"ஊசின்னா எல்லாருக்கும் பயம்தான்டா கண்ணு," என்று சொல்லி, என் போனை அவள் கையில் கொடுத்தேன்.