மாவுப்பூச்சிக்குக் காவல் நின்றவர்கள்

போன மாதம் ஒரு காலையில் எங்கள் தெருவில் நல்ல சண்டை. மதிலுக்கு இந்தப் பக்கம் ஸ்டெல்லா, அந்தப் பக்கம் சுகுமாரன். நடுவில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிவந்த நான்!

ஸ்டெல்லா என் பக்கத்து வீட்டுக்காரி. உதியன்குளங்கரை ஜங்ஷனிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் சாலையில், வீட்டு முற்றத்திலேயே நர்சரி நடத்துகிறாள். சுகுமாரன் அவளுக்கு அடுத்த வீடு. வெல்டிங் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர். வீட்டுக்குப் பின்னால் தேனீப் பெட்டிகள்.

ஸ்டெல்லா முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கையில் ஸ்ப்ரேயரோடு நின்றாள்.

"ஸ்டெல்லா, அந்த மருந்து அடிக்காண்டாம். எனக்க தேனீ முழுக்க உனக்க செம்பருத்திப் பூவுலதான் வந்து இருக்கு. எல்லாம் செத்துப் போவும், கேட்டியா?"

"அப்போ எனக்க செடி சாவட்டா அண்ணே? கள்ளிக்காட்டுல ஒரு கல்யாணத்துக்கு வாக்கு குடுத்தாச்சு. வாற ஆளுகளுக்கு ஆளுக்கொரு செம்பருத்தியாக்கும் குடுக்கப் போறாவ. இந்தக் கோலத்துல கொண்டு போனா என்ன சொல்லுவாவ?"

செடிகளைப் பார்த்தேன். பாவம்தான். கொழுந்தெல்லாம் சுருண்டு, கணுவுக்குக் கணு பஞ்சை ஒட்டினாற்போல வெள்ளை. இலையைத் தொட்டால் பிசுபிசுப்பு. சந்தேகமே இல்லை, மாவுப்பூச்சி! மொட்டைமாடி மிளகாய்ச் செடிகளில் இந்தப் பூச்சியோடு நான் மல்லுக்கட்டியது ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. முகம் பார்த்தே அடையாளம் சொல்வேன்.

"ஸ்டெல்லா, இது மேல மெழுகு இருக்கு. அடிக்கிற மருந்துல பாதி வழிஞ்சு கீழ போவும். முட்டை அந்தப் பஞ்சுக்குள்ள பத்திரமா இருக்கும். இன்னைக்கு அடிச்சா ஒரு வாரத்துல அடுத்த படை வந்திரும்" என்றேன்.

"அக்கா, உங்களுக்கு மிளகாய் போனா கடையில வாங்கலாம். எனக்கு இதாக்கும் சோறு."

அவள் சொன்னதில் என்ன தப்பு?

அவள் கையைத் தடுத்தது என் விளக்கம் அல்ல. சுகுமாரன் திடீரென்று குரல் தாழ்ந்து பேசியதுதான்.

"முன்ன ஒரு நோய் வந்து ஒரு பெட்டி மிச்சமில்லாம போச்சு. காலையில திறந்து பாத்தா புழுவெல்லாம் செத்துக் கெடக்கு. பின்னே ஒத்தக் கூட்டத்துல தொடங்கி பெருக்கி எடுத்ததாக்கும் இது. இனியும் பாக்க எனக்கு வய்யா..."

இரும்பை வளைக்கிற மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்டெல்லா ஸ்ப்ரேயரைக் கீழே வைத்தாள். "அப்போ ஒரு வழி சொல்லுங்க" என்றாள் இருவரையும் பார்த்து.

மாவுப்பூச்சியால் வேகமாக ஓட முடியாது. அப்புறம் எப்படி இத்தனை செடிக்கும் பரவுகிறது? குஞ்சுகள் காற்றிலும் நம் கையிலும் போகும். எறும்பும் தூக்கிப் போகும். பூச்சி சாறை உறிஞ்சிக் கழிக்கிற இனிப்புத் திரவம் எறும்புக்கு விருந்து. அதற்குக் கூலியாகத்தான் அது காவல் நிற்கிறது. பூச்சியைத் தின்ன வருகிற வண்டுகளை விரட்டுகிறது. ஆகவே, முதலில் எறும்பைத் தேடு — இதுதான் என் வழக்கம்.

தேடினோம். தொட்டியிலிருந்து ஒரு எறும்புச் சாரை இறங்கியது. ஸ்டெல்லா முன்னால், நான் பின்னால். சாரை முற்றத்தைக் கடந்தது... மதிலில் ஏறியது... அந்தப் பக்கம் இறங்கி, நேராகத் தேனீப் பெட்டிகளின் ஸ்டாண்டுக்குப் போனது!

பூ குறைந்த மழைக்காலத்தில் தேனீக்குச் சர்க்கரைப் பாகு வைப்பார்கள். சுகுமாரன் வைத்த பாகு சிந்தித் தரையில் காய்ந்து கிடந்தது. எறும்பு ஏறாமலிருக்க ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணங்கள் உண்டு. மழை விட்டு வெயில் அடித்த அந்த வாரத்தில் அவை வற்றிப்போயிருந்தன. எறும்புக்கு இந்தப் பக்கம் பாகு, அந்தப் பக்கம் பூச்சி. இரண்டு வீட்டிலும் பந்தி.

சுகுமாரன் குனிந்து ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார்.

ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்து அவரைப் பார்த்தாள். அடுத்த சண்டை இப்போது ஆரம்பம் என்று நினைத்தேன். அவளோ சிரித்துவிட்டாள்.

"கொள்ளாமே அண்ணே, நல்ல கூத்து! எனக்க செடியில பூச்சிக்குக் காவல் நிக்க ஆளு அனுப்பினது நீங்கதானா?"

"சரி, நோக்காம்" — பார்த்துக்கொள்கிறேன் — என்று மலையாளத்தில் முனகிவிட்டு அவர் வாளியை எடுக்கப் போனார்.

அன்று மாலைக்குள் ஸ்டாண்டைச் சுற்றிக் கழுவிவிட்டார். கிண்ணங்களில் தண்ணீர் நிறைந்தது. மறுநாள் ஒர்க் ஷாப்பிலிருந்து இரும்பு பெஞ்சுகள் வந்தன. தேனீ ஸ்டாண்ட் மாதிரியே, காலுக்குக் கால் கிண்ணம். செம்பருத்தித் தொட்டிகளை அடி வரை தட்டிப் பார்த்து, எறும்பு இல்லாதவற்றை மட்டும் பெஞ்சுகளின்மேல் ஏற்றினோம்.

மிச்சம் எங்கள் வேலை. முற்றிப்போன செடிகளைக் கவரில் கட்டி எடுத்து எரித்தோம். தேறக்கூடியவற்றின் கொழுந்தை வெட்டி, ஹோஸ் தண்ணீரை இலைக்கு அடியில் பீய்ச்சினோம். தேனீ கூடு திரும்பிய பிறகு, பொழுது சாயும்போது சோப்புத் தண்ணீர். வாரம் ஒருமுறை மறுபடியும்... மறுபடியும். இந்த 'மறுபடியும்' இருக்கிறதே, அதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பஞ்சுக்குள் இருந்த முட்டை பொரிந்து வெளியே வரும்போது நாம் அங்கே இருக்க வேண்டும்.

யூரியாவையும் நிறுத்தச் சொன்னேன். தளதளவென்று வளர்கிற கொழுந்து மாவுப்பூச்சிக்கு அல்வா.

இரண்டாவது வாரம் ஸ்டெல்லா அலறினாள். "அக்கா, பெருசா ஒண்ணு வந்திருக்கு! ஓடவும் செய்யுது!"

வெள்ளை இழைகளோடு, மாவுப்பூச்சிக்கு அண்ணன் மாதிரி ஒன்று. நசுக்கப் போன அவள் விரலைப் பிடித்தேன். "நில்லு மக்கா. ஓடுதுன்னா அது நம்ம கட்சி." பொறிவண்டின் புழு அது. மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வது, அதன் வேஷத்திலேயே திரிவது. எறும்பு போனதும் அதற்கு வழி திறந்திருக்கிறது.

எல்லாம் பிழைத்தனவா? இல்லை. செம்பருத்தியில் கணிசமான அளவு போய்விட்டது. ஸ்டெல்லா கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னாள். செம்பருத்தி பற்றாது, மிச்சத்துக்குக் கறிவேப்பிலைக் கன்று தரட்டுமா என்று கேட்டாள். பெண்ணின் அப்பா ஒரு நொடி யோசித்தார். "கறிவேப்பிலையா? அது தினமும் வேணுமில்லியா, அதையே கூடுதல் குடு" என்றாராம்.

வண்டியில் செடி ஏற்ற சுகுமாரனும் வந்தார். தேனீக்கள் மதிலைத் தாண்டிப் பூவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தன.

பூச்சியைக் கண்டதும் நம் கை மருந்துக்குத்தான் போகிறது. அதற்கு முன், யார் ஏறி வருகிறார்கள் என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள். குனிவதில் இன்னொரு லாபமும் உண்டு — அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரை முறைக்க முடியாது!